மொந்த்ரெசாக்கின் ஒரே ஒரு தியாகி

மொந்த்ரெசாக்கின் போர் நினைவுத் தூணில் செதுக்கப்பட்டிருந்த ஒரே பெயர் ஆன்செல்ம் ரூகெத்துடையது. ஆண்டுதோறும், போர் முடிந்த நாளான நவம்பர் பதினொன்றாம் தேதி காலை பதினொரு மணிக்கு அந்தத் தூணின் அடியில் மலர்வளையம் வைத்தவரும் அவர்தான். நூற்றிரண்டு தடவை இது தவறாமல் நடந்தது. ஒரு கடும்பனி வருடத்தில் மட்டும் பூ கிடைக்காமல், தன் தோட்டத்து முட்டைக்கோஸ் ஒன்றை வைத்துத் தலைவணங்கிவிட்டு, விழா முடிந்ததும் சூப்புக்கு எடுத்துக்கொண்டு போனார்.

எங்கள் ஊரைப் பற்றி மாவட்டத்தார் வெளியிட்ட சுற்றுலாக் கையேட்டில் மூன்று வரிகள் உண்டு. முதல் வரி தேவாலயக் கோபுரத்துக்கு. அது மதுக்கடைப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. கட்டிய கொத்தர்களின் மனம் எங்கே இருந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. இரண்டாம் வரி துணி துவைக்கும் கல்தொட்டிக்கு. எங்கள் முன்னோர் அதைப் பற்றி ஏழு வருடம் விவாதித்து, எட்டாம் வருடம் கட்டி முடித்தார்கள். அதே வாரம் ஊற்று சலித்துப்போய், மலைக்கு அந்தப் பக்கம் உள்ள விலார்னூ ஊருக்குக் குடிபோய்விட்டது. தொட்டி இன்றும் இருக்கிறது, எலும்பாய்க் காய்ந்துபோய். கல்யாண ஜோடிகள் அதன் விளிம்பில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். மூன்றாம் வரி தூணுக்கு.

தூண் வந்த கதையை மறைக்காமல் சொன்னால்தான் மற்றது விளங்கும். முதல் உலகப் போருக்கு எங்கள் ஊரிலிருந்து முப்பத்தொரு பேர் போனார்கள், முப்பது பேர் திரும்பி வந்தார்கள். வீரத்தால் என்று சொல்ல ஆசைதான். ஆனால் எங்கள் ஆட்கள் எங்கேயும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை, போர்க்களத்துக்கும் அப்படித்தான் போனோம் என்று திரும்பி வந்தவர்களே ஒப்புக்கொண்டார்கள். விலார்னூவில் இருபத்திரண்டு பேர் மாண்டிருந்தார்கள். அந்த ஊர்ப் பெண்கள் கறுப்புடுத்திச் சந்தைக்கு வரும்போது, எங்கள் ஊர்ப் பெண்கள் அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூசி, வெண்ணெய்க் கூடையை மூடிக்கொண்டு ஓரமாக நடந்தார்கள். பெற்ற பிள்ளை உயிரோடிருப்பது ஒரு குற்றம் மாதிரி ஆகிவிட்ட காலம் அது. முப்பத்தோராவது ஆள் ஆன்செல்ம். 1917 ஏப்ரலில் ஒரு தாக்குதலுக்குப் பிறகு ஆளைக் காணவில்லை. ஊரே அழுதது, மெய்யாகவே அழுதது. அழுகைக்கு அடியில் ஒரு சின்ன நிம்மதியும் இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்பாடா, எங்களுக்கும் ஒருவர்.

மேயர் இப்பொலித் கஸால் சும்மா இருக்கவில்லை. நீதிமன்றம் ஆன்செல்மை இறந்தவராக அறிவித்ததும், சிலை வார்க்கும் ஆலையின் விலைப்பட்டியலைப் புரட்டி, தூணின் மேல் நிறுத்த இரும்புச் சிப்பாய் ஒன்றுக்கு எழுதிப்போட்டார். தூணில் விலார்னூவை மிஞ்சும்படி இருபத்தைந்து பெயருக்கு இடம் விட்டு, நட்டநடுவில் ஒன்றைச் செதுக்கச் சொன்னார். சிப்பாய் கண்ணுக்கு மேல் கைவைத்துத் தூரத்து எதிரியைத் தேடுகிற பாவனையில் வந்தான். நட்டவர்கள் திசையை மாற்றி நட்டதால், மதுக்கடை திறந்துவிட்டதா என்று இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறான். 1921 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. துணை ஆட்சியர் வருவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை காலை, கிழக்குப் பாதையில் நடந்து ஆன்செல்ம் ஊர் வந்து சேர்ந்தார். ஜெர்மனியில் ஒரு பண்ணையில் கைதியாக இருந்தவரைப் போர் முடிந்ததுமே விட்டுவிட்டார்களாம். மொந்த்ரெசாக் ஆண்பிள்ளை யாரிடமும் வழி கேட்கமாட்டான் என்பது எங்கள் ஊர் வழக்கம். ஆகவே மெட்ஸ் நகரத்தில் ஒரு தப்பான திருப்பம் திரும்பி, கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பி, பனிமலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி, மூன்று வருடத்தில் வந்துவிட்டார்.

ஊர்மன்றம் அவசரமாகக் கூடியது. மேயர் அவரைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். அவர் கண்ணில் உண்மையாகவே நீர் இருந்தது.

"ஆன்செல்மு, நீ வந்ததுல எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஆனா ஞாயித்துக்கிழமை வரைக்கும் கொஞ்சம் செத்தே இரேன்ப்பா."

"அதுக்கப்புறம்?"

"அப்புறமென்ன, திராட்சை அறுவடை முடியட்டும். நானே கோர்ட்டுக்கு எழுதி உன்னை உசிரோட ஆக்கிடறேன்."

"சாப்பாடு உண்டா?"

"வாத்து உண்டு."

ஆன்செல்ம் ஒப்புக்கொண்டார். பசியோடு வந்தவர், தவிர இயல்பிலேயே யாருக்கும் தொந்தரவு தராதவர். ஞாயிற்றுக்கிழமை கல்தொட்டிக்குப் பின்னால் மறைந்து நின்றார். அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த லெயோன்தின், நாலு வருடம் உடுத்திய கறுப்பு உடையை வியாழக்கிழமை காலையே அடுப்பில் போட்டுவிட்டிருந்ததால், விழாவுக்காகப் பக்கத்து வீட்டில் கறுப்பு இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு முதல் வரிசையில் நின்றாள். மேயர் மூவண்ணப் பட்டை அணிந்து, "ஆன்செல்ம் ரூகெத்!" என்று உரக்கக் கூப்பிட்டார். பள்ளிப் பிள்ளைகள் ஒரே குரலில் "பிரான்ஸுக்காக உயிர் நீத்தார்!" என்று சொல்லவேண்டும். அதற்கு முன் தொட்டிக்குப் பின்னாலிருந்து, பட்டாளத்துப் பழக்கத்தில், "இருக்கேன், ஐயா!" என்று ஒரு குரல் வந்துவிட்டது. மேளக்காரர் சமயோசிதமாக ஓங்கி ஓர் அடி அடித்தார். விருந்தில் ஆன்செல்ம் தியாகியின் ஒன்றுவிட்ட தம்பியாக உட்கார்ந்து இரண்டு தட்டு வாத்துக்கறி சாப்பிட்டார். துணை ஆட்சியர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, உங்கள் குடும்பத்துக்கு நாடு கடமைப்பட்டிருக்கிறது என்றார். அடுத்த வருடத்திலிருந்து ஆன்செல்ம் தன் பெயர் கூப்பிடும்போது உதட்டை மட்டும் அசைக்கப் பழகிக்கொண்டார்.

அறுவடை முடிந்தது. அடுத்த அறுவடையும் முடிந்தது. இப்பொலித் போய் அவர் மகன் மேயரானார், பிறகு பேரன். ஊரில் நாற்காலிக்கு வேறு யாரும் ஆசைப்படவில்லை. மூவரும் ஆன்செல்மைக் கண்டால் கையைத் தூக்கி, "அறுவடை முடியட்டும், பார்த்துக்கலாம்" என்றார்கள். இரண்டாம் போர்க் காலத்தில், செத்தவருக்கு ரேஷன் அட்டை இல்லை என்பதால் ஊர் முறைவைத்து அவருக்குப் பூண்டு சூப் ஊற்றியது. தேர்தலில் செத்தவர்கள் ஓட்டுப்போடுவது எங்கள் வட்டாரத்தில் கேள்விப்படாத விஷயம் அல்ல, ஆனாலும் ஆன்செல்ம் அதற்கு உடன்படவில்லை. நடுவே 1929-ல் கோபுரத்தில் காற்றுத்திசை காட்டும் இரும்புச் சேவலைத் திருப்பி வைக்கப் போய் உச்சியிலிருந்து விழுந்தார். விழுந்த இடத்துக் கல் உடைந்தது. அவர் எழுந்து கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு ஏணிக்கு மறுபடி போனார். 1956 பனியில் பாதையோரம் உட்கார்ந்தபடியே விறைத்துப்போயிருந்தவரைத் தூக்கிவந்து ரொட்டிக்கடை அடுப்பின் பக்கத்தில் சாய்த்து வைத்தார்கள். மூன்றாம் ஈடு ரொட்டி வெந்தபோது அவரும் கண்ணைத் திறந்து, ஒரு துண்டு கேட்டார். எண்பது வயதுவரை எல்லோரையும்போல் மூப்படைந்தார். அதன் பிறகு உடம்பு அந்த வேலையை மறந்துவிட்டது.

செத்த ஆளுக்குக் கல்யாணம் செய்துவைக்க ஊர்மன்றத்துக்கு அதிகாரமில்லை. ஊர்மன்றத்தில் பதியாத ஜோடியைத் தேவாலயம் தொடாது. ஆகவே ஆன்செல்மும் லெயோன்தினும் ஒரு சந்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக முப்பத்தொன்பது வருடம் வாழ்ந்தார்கள். இரு வாசலுக்கும் நடுவே சந்துக் கல் தேய்ந்து இரண்டு விரற்கடை பள்ளம் விழுந்தது. கையேட்டில் அதையும் சேர்த்திருக்கலாம். ஊர் அதைப் பார்க்காதது மாதிரி நடந்துகொண்டது. பார்க்காதது மாதிரி இருப்பது எங்களுக்குக் கைவந்த கலை. தெற்கே ஓர் அணை உடைந்து பலர் மாண்ட பிறகு, இறந்துபோன காதலனை மணக்க விரும்பும் பெண்ணுக்கு வழிசெய்து ஒரு சட்டம் வந்தது. லெயோன்தின் பேப்பரில் அதைப் படித்துவிட்டு, மாவுக்கையோடு சந்தைத் தாண்டி ஓடினாள்.

"யோவ், செத்தவனையும் கட்டிக்கலாமாம்யா!"

தலைநகரிலிருந்து அனுமதி வர எட்டு மாதம் ஆனது. மாப்பிள்ளையின் சம்மதத்துக்குச் சான்றாக 1916-ல் பதுங்குகுழியிலிருந்து அவர் எழுதிய கடிதம் மன்றத்தில் வாசிக்கப்பட்டது. மாப்பிள்ளை பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று, எழுத்துப்பிழை வந்த இடங்களில் நெளிந்தார். அப்படிப்பட்ட கல்யாணம் சட்டப்படி இறப்புக்கு முந்தின நாளிலிருந்தே செல்லும். எனவே லெயோன்தின் ஒரே மூச்சில் மணமகளும் விதவையும் ஆனாள். அன்று அறுபத்தேழு வயதான மாப்பிள்ளை விதவைக்குக் கைகொடுத்துப் படியிறக்கிக் கூட்டிப்போனார்.

குழந்தை வாய்க்கவில்லை. பதினொரு வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள், அவ்வளவுதான். 1971-ல் நோயில் படுத்த லெயோன்தின் இடுகாட்டில் இரண்டு பேருக்கான இடத்தை ஐம்பது வருட உரிமைக்குத் தானே கையெழுத்துப்போட்டு வாங்கினாள். "சீக்கிரம் வந்து சேருய்யா. வழி தெரியலைன்னா யாரையாவது கேளு, வெக்கப்படாதே" என்றாள். மார்ச் மாதத்தில் ஒரு நாள் காலை பழுப்புக் கோட்டுப் போட்ட, சளிபிடித்த ஒரு மனிதர் கதவைத் தட்டினார். ஆன்செல்முக்கு ஆள் யாரென்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. லெயோன்தினோடு தன்னையும் கூட்டிப்போகச் சொன்னார். அந்த மனிதர் கைக்குட்டையில் மூக்கைச் சிந்திவிட்டுத் தன் பட்டியலில் விரல் வைத்துத் தேடினார்.

"ரூகெத், ஆன்செல்ம். 1917 ஏப்ரல். அப்பவே முடிஞ்சுபோச்சுங்க. ஒரே ஆளை ரெண்டு தடவை கூட்டிட்டுப்போக எனக்கு உத்தரவு இல்லை."

"நான் இங்கதானே நிக்கறேன்!"

"அதை ஊர்மன்றத்துல சொல்லுங்க."

லெயோன்தின் போனாள். அதற்குப் பிறகு ஐம்பத்திரண்டு வருடம் ஆன்செல்ம் அவள் கல்லறைக்கு நாள்தோறும் போய், அவளுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் களை பிடுங்கினார். அவருக்குத் தனிமை தாங்கவில்லை. அதை அவர் யாரிடமும் சொல்லாததால், கிழவர் கல்லுமாதிரி இருக்கிறார் என்று ஊர் பெருமையடித்துக்கொண்டது. நெடுஞ்சாலையில் 'ஒரே தியாகியின் ஊர்' என்று பழுப்பு நிறப் பலகை வைத்தோம். கோடையில் வந்த பயணிகளைத் தூணின் முன் நிறுத்திப் படம் எடுத்துக் கொடுத்தவர் தியாகியே என்பது அவர்களுக்குத் தெரியாது.

2023 வசந்தத்தில் ஒரு காலை லெயோன்தினின் கல்லறைமேல் ஒரு மஞ்சள் பலகை இருந்தது. உரிமைக்காலம் முடிந்துவிட்டது, குடும்பத்தார் ஊர்மன்றத்தை அணுகவும் என்று அதில் எழுதியிருந்தது. ஆன்செல்ம் பலகையைப் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு மன்றத்துக்குப் போனார். மேயர் நாற்காலியில் இப்பொலித்தின் கொள்ளுப்பேத்தி சொலாஞ்ஜ் கஸால் உட்கார்ந்திருந்தாள்.

"இதை யாரு வெச்சது?"

"நாங்கதான் தாத்தா. இடுகாட்டுல இடமில்லை. கெடு முடிஞ்ச பன்னிரண்டு கல்லறையையும் காலிபண்ணச் சொல்லிப் போன வருஷம் தீர்மானம் போட்டோம். பட்டியலை யாரும் படிக்கலை."

"நீ?"

"நானும்தான்." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "மாவட்டத்துக்குப் போயிடுச்சு. இனிமே வாரிசு கையெழுத்து இருந்தாத்தான் நிறுத்த முடியும்."

"புருஷன் போட்டா?"

"தாராளமாப் போடலாம். ஆனா அவர் செத்து நூறு வருஷம் ஆச்சே" என்று சொன்னவள், சொன்னது இன்னதென்று உறைத்ததும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

மாவட்ட நீதிமன்றத்தில் ஓர் இளம் நீதிபதி ஆன்செல்மை மேலும் கீழும் பார்த்து, இவர் உயிரோடிருப்பதாக நம்ப முகாந்திரம் உண்டு என்று எழுதினார். ஆனால் அவர் உயிர் நீத்ததாகப் பொதுவிடத்தில் கல்லெழுத்து இருக்கும்வரை தீர்ப்பு செல்லாது, அதை ஊர்மன்றமே நீக்கவேண்டும் என்றும் சேர்த்தார். அக்டோபர் முதல் தேதி வண்டி வந்து பன்னிரண்டு கல்லறைகளையும் தோண்டி, எலும்புகளைப் பொதுக்குழியில் கொட்டும். மன்றம் கூடியது. பெயர் கல்லிலிருந்து போனால் பழுப்புக் கோட்டுக்காரரின் பட்டியலில் அவர் பெயர்மேல் விழுந்த கோடும் அழிந்து, அவர் சாகக்கூடியவராகிவிடுவார் என்பது ஊரில் யாருக்கும் தெரியாததல்ல. மதுக்கடை நடத்தும் மார்செலின்தான் முதலில் எழுந்தாள்.

"பேரை எடுத்துட்டா தூண்ல என்ன மிச்சம் இருக்கும்? அந்த இரும்புப் பயலும் காக்கா எச்சமும்தான். விலார்னூக்காரங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க."

இன்னொருவர் பழுப்புப் பலகையை நினைவூட்டினார். வேறொருவர் ஆன்செல்மைப் பார்த்து, உங்கள் மேல் உள்ள பாசத்தால்தான் வேண்டாம் என்கிறோம் என்றார். அதில் பாதி உண்மை. அவர் இல்லாத ஊரை எங்களில் யாரும் பார்த்ததில்லை, நினைக்கவே பயமாக இருந்தது. மீதிப் பாதி பலகைதான். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஆன்செல்ம் தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார்.

"நூத்திரண்டு தடவை நான் செத்துட்டேன்னு நீங்க கத்தினப்ப நான் ஏதாவது சொன்னேனா? சொல்லலை. பூவும் நானே வெச்சேன். இப்ப அவ எலும்பை வாரிக் குழியில கொட்ட வராங்க. 'இது என் பெண்டாட்டி, தொடாதே'ன்னு சொல்ல எனக்கு ஒரு பேரு வேணும். என் பேரு உங்க தூண்ல மாட்டிக்கிட்டிருக்கு. கொடுத்துடுங்க."

பெயரைத் தூணிலிருந்து நீக்குவது என்று முடிவானது. 1904-க்குப் பிறகு எங்கள் மன்றம் ஒருமனதாக எடுத்த முதல் தீர்மானம் அது. சொலாஞ்ஜ் கையைத் தூக்கும்போதே அழுதாள். சாலை வேலை பார்க்கும் திதியேவுக்கு உளியையும் சுத்தியலையும் கொடுத்தார்கள். அவனும் அழுதுகொண்டே வெட்டியதால் கோடு நேராக வரவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டது ஆன்செல்ம். முதல் எழுத்து உதிர்ந்ததும் அவர் முழங்கால் வலித்தது. பெயரில் பாதி போனபோது ஒரு தும்மல் வந்தது. நூறு வருடத்தில் முதல் தும்மல். அவர் சந்தோஷத்தில் இன்னொரு முறை தும்மிப் பார்த்தார். கடைசி எழுத்து விழுந்தபோது, எனக்குக் களைப்பாக இருக்கிறது என்று சொல்லி, அந்தச் சொல்லின் ருசியே பிடித்துப்போனவர்போலத் திரும்பத் திரும்பச் சொன்னார். மறுநாள் தீர்ப்பு முத்திரையோடு வந்தது. செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி அவர் மன்றத்தில் உட்கார்ந்து, லெயோன்தினின் இடத்தை இன்னும் ஐம்பது வருடத்துக்குப் புதுப்பித்துக் கையெழுத்துப் போட்டார். அக்டோபரில் வண்டி வந்து பதினொரு கல்லறைகளைத் தோண்டிவிட்டுப் போயிற்று.

அடுத்த வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் பழுப்புக் கோட்டுக்காரர் வந்தார். சளி இன்னும் சரியாகவில்லை. ஆன்செல்ம் பூண்டு சூப் குடித்துக்கொண்டிருந்தார். முடிக்கும்வரை உட்காரச் சொல்லி, அவருக்கும் ஒரு கிண்ணம் ஊற்றினார். சூப் கொண்டுவந்திருந்த மார்செலின் இதையெல்லாம் பார்த்தாள். பிறகு ஆன்செல்ம் வாயைத் துடைத்து, தொப்பியை மாட்டிக்கொண்டு, வாசலில் கொஞ்சம் தயங்கினார். மொந்த்ரெசாக் வரலாற்றில் எந்த ஆண்பிள்ளையும் செய்யாத காரியத்தைச் செய்தார்.

"எந்தப் பக்கம் போகணும்?" என்று கேட்டார்.

லெயோன்தினுக்கு இடப்பக்கத்தில், களை இல்லாத மண்ணில் அவரை வைத்தோம். சொலாஞ்ஜ் மன்றத்துக்குத் திரும்பி இறப்புப் பதிவேட்டைத் திறந்தாள். பேனாவை எடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே கொடிகளில் கறுத்துத் தொங்கிய குலைகளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "அறுவடை முடியட்டும்" என்று சொல்லிப் பதிவேட்டை மூடினாள். கஸால் குடும்பத்து ரத்தம்.

நவம்பர் பதினொன்று வந்தது. தூணில் திதியே வெட்டிய கோணல் பள்ளம் மட்டும் இருந்தது. மலர்வளையத்தை யார் வைப்பது என்று தெரியாமல் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தோம். கடைசியில் மார்செலின் வைத்தாள். மேயரின் கையில் இருந்த தாளில் படிக்க ஒன்றுமில்லை. ஆனால் பதினொரு மணி அடித்ததும், நாலு தலைமுறைப் பழக்கத்தில், சொலாஞ்ஜின் வாய் தானாகவே "ஆன்செல்ம் ரூகெத்!" என்று கூப்பிட்டுவிட்டது. பிள்ளைகள் வாயைத் திறந்தார்கள். அதற்குள் இடுகாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தெளிவாக, இளமையாகக்கூட, "இருக்கேன், ஐயா!" என்று பதில் வந்தது. இந்த முறை மேளக்காரர் அடிக்கவில்லை. சற்றுப் பொறுத்து, "கத்தாதேய்யா, பக்கத்துலதானே இருக்கேன்" என்று ஒரு பெண்குரலும் கேட்டது.

நாங்கள் மதுக்கடைக்குப் போய் அக்ரூட் ஒயின் குடித்தோம். நெடுஞ்சாலைப் பலகையை 'எவரும் சாகாத ஊர்' என்று மாற்றி எழுதியாகிவிட்டது. விலார்னூக்காரர்கள் சிரிக்கத்தான் செய்கிறார்கள். பதிவேட்டின்படி ஆன்செல்ம் உயிரோடுதான் இருக்கிறார், கூப்பிட்டால் குரல் கொடுக்கிறார், மனைவியும் கூடவே இருக்கிறாள், இதில் புதிதாக எழுத என்ன இருக்கிறது என்று சொலாஞ்ஜ் கேட்கிறாள். அறுவடை முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்.